கிட்டாருக்குப் போட்ட நெயில் பாலிஷ்

எங்கள் பக்கத்தில் கணவன்மார்கள் மழைக்காலத்தில்தான் வீட்டில் கிடைப்பார்கள். திருச்செங்கோட்டைச் சுற்றி, ரிக் லாரி வைத்திருக்கும் குடும்பங்களில் இது வழக்கம். லாரி சத்தீஸ்கரிலோ ஒடிசாவிலோ ஏதோ ஒரு காட்டில் நின்று போர்வெல் போட்டுக்கொண்டிருக்கும். கூடவே போனவர் தினமும் போனில் டீசல் விலையைச் சொல்வார். அங்கே மழை பிடித்து நிலமெல்லாம் சேறாகிவிட்டால் வண்டி ஓடாது. உடனே அழுக்குத் துணி மூட்டையோடு ஊர் வந்து இறங்குவார்கள். வந்த புதிதில் நாட்டுக்கோழிக் குழம்பும் ராஜ உபசாரமுமாக இருக்கும். பிறகு வீட்டிலுள்ள பெண்கள், ஒடிசாவில் மழை எப்போது விடும் என்று ஆர்வமாக வானிலைச் செய்தி பார்க்கத் தொடங்குவோம்.

அந்த வருடம் என் கணவர் துணி மூட்டையோடு ஒரு எலக்ட்ரிக் கிட்டாரும் கொண்டுவந்தார். அவர் தங்கியிருந்த லாட்ஜுக்கு எதிரே ஒரு இசைக்கருவிக் கடையாம். மழையில் வேலையில்லாமல் ஜன்னல் வழியாக அதையே பார்த்துக்கொண்டிருந்தாராம். காலேஜ் படிக்கும்போதிருந்தே ஆசையாம். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் கம்ப்ரசர் மீதும் துளையிடும் பிட் மீதும் அவருக்கிருந்த ஆசைகளை எல்லாம் கேட்டிருக்கிறேன். இதை மட்டும் எனக்குத் தெரியாமல் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்.

என் மாமியார் உறையைப் பிரித்துப் பார்த்தார்.

"என்ன சாமி இது, வீணையா?"

"கிட்டாருங்கம்மா. கரண்ட்ல ஓடறது."

"கரண்ட்டு இல்லீன்னா?"

"சத்தம் கேக்காதுங்கம்மா."

"அப்பச் செரி" என்றார் மாமியார். எங்கள் தெருவில் அடிக்கடி கரண்ட் போவதை அவர் அதுவரை திட்டிக்கொண்டுதான் இருந்தார்.

கூடவே வந்த சின்ன ஸ்பீக்கர் பெட்டியை டிவிக்குப் பக்கத்தில் வைத்து, செல்போன் வீடியோ பார்த்துப் பழக ஆரம்பித்தார். கொஞ்ச நாளில் இரண்டு கார்டு வந்தது; கார்டு என்றால் பல கம்பிகளைச் சேர்த்து அழுத்தி எழுப்புகிற சுரக்கூட்டு. முதல் கார்டிலிருந்து இரண்டாவதற்கு விரல்களை மாற்றி வைப்பதற்குள் ஒரு ஆள் டீ குடித்து முடித்துவிடலாம். மாமியார் அந்த இடைவெளியில்தான் தன் தங்கையிடம் போன் பேசுவார்.

இப்படியே இன்னும் கொஞ்சம் பழகியிருந்தால் வேகம் வந்திருக்கலாம். ஆனால் வீடியோவில் யாரோ ஒரு ஆள் அவருக்கு, ஒலியின் குணத்தைக் குறிக்கும் 'டோன்' என்ற வார்த்தையைக் கற்றுக்கொடுத்துவிட்டான். அன்றிலிருந்து குற்றம் விரலில் இல்லை, கிட்டாரில் இருப்பதாகத் தெரியவந்தது.

ஒருநாள் நான் பூண்டு உரித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அம்மிணி, உனக்குப் புரியற மாதிரி சொல்றேன் கேளு. இந்தக் கம்பிக்குக் கீழ மூணு பிக்கப் இருக்குது பாரு. உள்ளார காந்தம். காந்தம்னா இரும்பை இழுக்குமல்ல, அது."

நான் எலக்ட்ரானிக்ஸில் டிப்ளமோ வாங்கியவள். பெண் பார்க்க வந்த அன்று அந்த டிப்ளமோ இவர்கள் எல்லோருக்கும் ரொம்பப் பிடித்திருந்தது. பெரிய மாமா ஒருவர் சர்டிபிகேட்டைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கல்யாணத்துக்குப் பிறகு மிக்சி நின்றுபோனாலோ டிவி ரிமோட் தண்ணீரில் விழுந்தாலோ என் படிப்பு அவர்களுக்கு ஞாபகம் வரும். மற்ற நாட்களில் நான் காந்தம் இரும்பை இழுக்கும் என்று கற்றுக்கொள்ள வேண்டிய நிலையில்தான் இருந்தேன்.

"ஆமாங்க, இழுக்கும்" என்றேன்.

அவர் குறை இதுதான். கழுத்துப் பக்கம் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று என்று, கம்பியின் அதிர்வைப் பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்புகிற மூன்று பிக்கப். எது பேச வேண்டும் என்பதை ஒரு லீவர் சுவிட்ச் முடிவு செய்யும். லீவரைத் தள்ளத் தள்ள, முதலாவது மட்டும் பேசும், பிறகு முதலாவதும் நடுவும், பிறகு நடு மட்டும், நடுவும் கடைசியும், கடைசியாகக் கடைசி. முதலாவதும் கடைசியும் மட்டும் சேர்ந்து பேசுகிற நிலை அந்த லீவரில் கிடையாது. அந்த இரண்டும் சேர்ந்தால் வரும் சத்தம்தான் சத்தம் என்று வீடியோக்காரன் சொல்லிவிட்டான்.

"கம்பெனிக்காரன் ஏமாத்திப் போட்டான் அம்மிணி. ரெண்டு பேரையும் பேச உடாம வெச்சிருக்கறான்."

இரண்டு கார்டு மட்டுமே தெரிந்த ஒரு மனிதருக்கு, மூன்று பிக்கப்பும் ஐந்து நிலையும் போதாமல் போய்விட்டன.

திருகாணிகளைக் கழற்றி, கிட்டாரின் வெள்ளைத் தகட்டைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே பெரிய ரகசியம் எதுவும் இல்லை. லீவர் சுவிட்ச், ஒரு வால்யூம் குமிழ், இரண்டு டோன் குமிழ், இவற்றைக் கோத்த மெல்லிய ஒயர்கள். கிளாசில் நாங்கள் முதல் வருடத்தில் செய்த ரேடியோவே இதைவிடச் சிக்கலாக இருந்தது. அலமாரியின் மேல்தட்டில், கல்யாணச் சேலைகளுக்குப் பின்னால் கிடந்த, ஒயர் பற்றவைக்கும் என் சால்டரிங் அயர்னை எடுத்தேன். சூடேறிய வாடை வந்ததும் பாலிடெக்னிக் லேப் அப்படியே மூக்கில் ஏறியது. மாமியார் மட்டும், "எதோ கருகுதே, அடுப்பப் பாரு கண்ணு" என்று குரல் கொடுத்தார்.

"சின்ன டாகிள் சுவிட்ச் ஒண்ணு வெச்சாப் போதுங்க. தகட்டுல ஒரு சின்ன ஓட்டை போட்டுக்கலாம்" என்றேன்.

அவர் கிட்டாரை என்னிடமிருந்து பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டார்.

"ஓட்டையா? இதுலயா? ஓட்டை போட்டா அப்புறம் அடைக்க முடியுமா?"

வருடம் முழுக்கப் பிழைப்புக்காகப் பூமியை ஆயிரம் அடிக்குத் துளைத்துவிட்டு வருகிற மனிதர் இதைக் கேட்டார். நான் சால்டரிங் அயர்னின் பிளக்கைப் பிடுங்கினேன். சில நேரங்களில் பதில் சொன்னால் நாம் சிரித்துவிடுவோம்.

ஆக, ஓட்டை போடக் கூடாது. வெளியே எதுவும் மாறக் கூடாது. ஆனால் உள்ளே மாற வேண்டும். எங்கள் குடும்பத்தில் மருமகள்களிடம் எதிர்பார்ப்பதும் ஏறக்குறைய இதேதான் என்பதால் எனக்குப் பழக்கமான வேலையாகவே பட்டது.

யோசித்துப் பார்த்தேன். இரண்டு டோன் குமிழில் ஒன்றை அவர் தொட்டதே இல்லை. அதையே சுவிட்சாக மாற்றிவிடலாம். முழுக்க வலப்பக்கம் திருப்பி வைத்தால் கிட்டார் பழையபடி இருக்கும். இடப்பக்கம் திருப்பத் திருப்ப, முதலாவது பிக்கப் மெல்ல வந்து கடைசிப் பிக்கப்போடு சேரும். பார்க்கிறவர் கண்ணுக்கு அதே குமிழ், அதே இடம். இதற்கென்றே செய்த குமிழ் வெளிநாட்டில் கிடைக்கிறதாம். நாங்கள் சேலம் போனோம்.

எலக்ட்ரானிக் சாமான் விற்கும் கடையில் நான்தான் கேட்டேன். கடைக்காரர் என் கணவரைப் பார்த்துப் பதில் சொன்னார்.

"எந்த ரேடியோவுக்குங்க சார்?"

"கிட்டாருக்குங்க. கடைசி வரைக்கும் திருப்பினா கனெக்ஷன் கட்டாகற மாதிரி வால்யூம் வேணுங்க" என்றேன் நான்.

"கட்டாகுதுன்னா ரிப்பேர்னு அர்த்தமுங்க சார்" என்றார் அவர், மறுபடியும் என் கணவரைப் பார்த்து. "கட்டாகாததுதாங்க நாங்க விக்கறது."

என் கணவர் எல்லாம் புரிந்தவராகத் தலையாட்டினார். அவர்கள் இருவருக்கும் இடையே நல்ல புரிதல் இருந்தது. விஷயம் மட்டும் இருவருக்கும் தெரியவில்லை. நான் சாதாரண வால்யூம் குமிழ்கள் சிலவற்றை வாங்கிக்கொண்டேன். வீணாகப் போனால் போகட்டும் என்று கூடுதலாகவே வாங்கினேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர், "கடைக்காரர் நல்ல வெவரமான ஆளு" என்றார்.

வால்யூம் குமிழுக்குள் என்ன இருக்கிறது என்று நிறையப் பேர் பார்த்திருக்க மாட்டார்கள். பின்பக்கத் தகரமூடியை நான்கு சின்னக் காதுகள் மடங்கிப் பிடித்திருக்கும். அவற்றை நிமிர்த்தினால் மூடி கழன்று வரும். உள்ளே குதிரை லாட வடிவத்தில் ஒரு கருப்புக் கரித்தடம் இருக்கும். குமிழைத் திருப்பும்போது விரல் மாதிரி ஒரு மெல்லிய உலோகத் துண்டு அந்தத் தடத்தின் மேல் உரசிக்கொண்டு போகும். தடத்தின் கடைசி நுனியிலும் அந்த விரல் கரியைத் தொட்டுக்கொண்டேதான் நிற்கும். அங்கே போனதும் அது எதையும் தொடாமல் நிற்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அதற்கு இரண்டு வழி. ஒன்று, தடத்தின் கடைசியில் பிளேடால் கரியைக் குறுக்கே அறுத்துவிடுவது. இது நிரந்தரமான வழி. இன்னொன்று, அந்த இடத்தில் மின்சாரம் போகாத ஏதாவதைப் பூசி மூடிவிடுவது.

பிளேடைக் கையில் எடுத்ததும் அவர் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"அறுக்கறதெல்லாம் வேண்டாம் அம்மிணி. தப்பிப் போச்சுன்னா?"

"தப்பினா வேற வால்யூம் இருக்குதுங்க. அதுக்குத்தானே வாங்கியாந்தோம்."

"இருந்தாலும் அறுக்க வேண்டாம். பூசற வழியே பண்ணு."

பூசுவதற்கு வீட்டில் என்ன இருக்கிறது? நாத்தனார் மகனின் நிச்சயத்துக்கு வாங்கிய நெயில் பாலிஷ் பாட்டில் பீரோவில் இருந்தது. கருஞ்சிவப்பு. வாங்கின அன்று ஒருமுறை போட்டேன்; வீட்டு வேலையில் மறுநாளே உரிந்துவிட்டது. மின்சாரத்துக்கு அது நல்ல தடுப்பு. காய்ந்தால் கெட்டியாகவும் இருக்கும். ஒரு தீக்குச்சியைச் சீவி, அதன் நுனியால் கரித்தடத்தின் கடைசியில் ஒரு சொட்டு வைத்தேன்.

முதல் குமிழ் கெட்டது. கொஞ்சம் அதிகமாக வைத்துவிட்டேன். பாலிஷ் ஓடி உள்ளே இருந்த உலோக விரலோடு ஒட்டிக்கொண்டது. இரண்டாவதில் மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். காய்வதற்கு ஊதப் போனவரைத் தள்ளி உட்காரச் சொன்னேன். கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் இருவரும் இவ்வளவு நேரம் ஒரே பொருளைப் பார்த்தபடி பேசாமல் உட்கார்ந்திருந்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். அந்தப் பொருள் கட்டைவிரல் நகம் அளவுகூட இல்லை.

காய்ந்ததும் மூடியைப் போட்டுக் காதுகளை மடக்கினேன். கிட்டாருக்குள் வைத்து ஒயர்களைப் பற்றவைத்தேன். அவர் லீவரைக் கடைசி நிலையில் வைத்துக் கம்பியைத் தட்டினார். தகரத்தில் தட்டின மாதிரி கீச்சென்ற சத்தம். குமிழை இடப்பக்கம் மெல்லத் திருப்பினார். அந்தக் கீச்சுக்குள் ஒரு கனமான குரல் வந்து கலந்தது. இரண்டும் ஒன்றையொன்று அழுத்தாமல், மணி மாதிரி நீண்டு ஒலித்தது. வீடியோக்காரன் சொன்னதைக் கிண்டல் செய்யத் தயாராக இருந்த நான், வாயை மூடிக்கொண்டேன். உண்மையாகவே நன்றாக இருந்தது.

"பாத்தியா! நாஞ் சொன்னேனல்ல?" என்றார் அவர்.

"ஆமாங்க. சொன்னீங்க."

"அந்தக் குமிழை அடிக்கடி திருப்பாதீங்க. பூச்சு தேஞ்சு போயிரும்" என்றும் சொன்னேன். அது அவர் காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்த யாரும் அந்தக் குமிழைப் பார்க்காமல் திரும்பவில்லை. சித்தப்பா, ரிக்கில் கூட்டுச் சேர்ந்த பங்காளி, பத்திரிகை வைக்க வந்த சொந்தக்காரர்கள், கேஸ் சிலிண்டர் போட வந்தவர் வரை எல்லோரையும் உட்காரவைத்து, "இப்பக் கேளுங்க… இப்பக் கேளுங்க…" என்று குமிழை முன்னும் பின்னும் திருப்பிக்காட்டினார்.

"கம்பெனிலயே இப்படித்தான் வருதுங்களா?" என்று யாராவது கேட்டால், "கம்பெனியில எங்கீங்க வருது? நம்பளே உள்ளார பிரிச்சு மாத்தினதுங்க" என்பார். அந்த 'நம்ப'ளுக்குள் நான் எங்கோ இருக்கக்கூடும் என்று எண்ணிக்கொண்டு வந்தவர்களுக்குக் காபி கொண்டுபோய்க் கொடுப்பேன்.

நாத்தனார் மகனின் கல்யாண வரவேற்பு சேந்தமங்கலத்தில் நடந்தது. மேடையில் ராசிபுரத்திலிருந்து வந்த ஆர்கெஸ்ட்ரா. அதை நடத்துபவர் கீபோர்டு வாசிக்கும் இளைஞர். எல்லோரையும் அண்ணா, அக்கா என்று கூப்பிட்டுக் காரியத்தை முடிக்கத் தெரிந்தவர். என் கணவர் மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். எங்கள் கல்யாணங்களில் தாய்மாமன் என்ன கேட்டாலும் இல்லை என்று சொல்ல முடியாது. இவர் கேட்டது, ஆர்கெஸ்ட்ராவில் ஒரு பாட்டுக்குத் தானும் கிட்டார் வாசிக்க வேண்டும் என்பது.

அந்த இளைஞர் இவர் விரல்களை ஒருமுறை பார்த்தார். புரிந்துகொண்டார்.

"தாராளமா வாசிங்கண்ணா" என்றார். பிறகு மிக்சர் பக்கம் போய், சவுண்டு பார்க்கும் ஆளின் காதில் ஏதோ சொன்னார். ஆர்கெஸ்ட்ராவின் சொந்தக் கிட்டார்காரர் இவருக்குப் பின்னால், கொஞ்சம் இருட்டில் நின்றார். பாட்டு தொடங்கியது. எல்லோருக்கும் தெரிந்த பழைய மெலடி. இவர் கை ஆடியது. சத்தம் பின்னால் நின்றவரிடமிருந்து வந்தது. முன்வரிசையில் சொந்தக்காரர்கள் செல்போனில் படம் எடுத்தார்கள். நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லாம் நல்லபடியாகவே போய்க்கொண்டிருந்தது. அதோடு நிறுத்தியிருந்தால் இவருக்குப் பெரிய கலைஞர் என்ற பெயர் இன்றைக்கும் இருந்திருக்கும்.

நடுவில் பாட்டு நின்று இசை மட்டும் வருகிற இடம் வந்தது. இவர் மிக்சர் பக்கம் பார்த்துக் கையை மேலே தூக்கிக் காட்டினார்.

"நம்ப சவுண்டு கேக்கலீங்க, ஏத்துங்க!"

தாய்மாமன் கேட்டால் ஏற்றத்தான் வேண்டும். ஏற்றினார்கள். இவர் தன் பெருமைக்குரிய குமிழைப் பிடித்து மெல்லத் திருப்பினார்.

அத்தனை பெரிய ஸ்பீக்கர்களில் கடுகு பொரிந்தது. நூறு சட்டியில் ஒரே நேரத்தில் தாளித்த மாதிரி இருந்தது. மறுபடி திருப்பினார், இப்போது அப்பளம் பொரிந்தது. மண்டபத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட இலையிலிருந்து நிமிர்ந்தார்கள். வாரக்கணக்கில் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் திருப்பிக்காட்டியதில் நெயில் பாலிஷ் உரிந்து, துகள் துகளாகத் தடம் முழுக்கப் பரவி, அந்த உலோக விரலுக்கு அடியில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று எனக்கு உட்கார்ந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. எழுந்துபோய்ச் சொல்லவா முடியும்? ஐஸ்கிரீம் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தேன்.

அவர் ஒயரை ஆட்டினார். ஸ்பீக்கரை முறைத்தார். சவுண்டு ஆளை முறைத்தார். கடைசியில் பாடகர் கையிலிருந்த மைக்கை வாங்கினார்.

"ஒண்ணுமில்லீங்க, ஆரும் தப்பா நெனைக்க வேண்டாம். நான் நல்லாத்தான் வாசிக்கறேன். என்ற ஊட்டுக்காரிதான் இதப் பிரிச்சு உள்ளார நெயில் பாலிஷ் போட்டு உட்டுருச்சு. அதான் இந்தச் சத்தம்."

மண்டபமே சிரித்தது. மாப்பிள்ளையும் பெண்ணும்கூடச் சிரித்தார்கள். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. 'நம்பளே மாத்தினது' என்று இத்தனை நாள் ஊர் முழுக்கப் பரவியிருந்த அந்த வேலை, கெட்டுப்போன நிமிடத்தில் முழுக்க முழுக்க என்னுடையதாகிவிட்டது. கூட்டத்துக்கு நடுவே, மைக்கில், அத்தனை பெரிய ஸ்பீக்கரில் அறிவித்தாகிவிட்டது. என் டிப்ளமோவுக்குக்கூட இப்படி ஒரு விழா நடந்ததில்லை.

எனக்குக் கோபம் வந்தது. வெட்கமாகவும் இருந்தது. வாடகைக் காரில் ஏறியதும் என்னென்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். அப்போது அந்தக் கீபோர்டு இளைஞர் மேடையிலிருந்து இறங்கி என்னிடம் வந்தார். அவரும் கிண்டல் செய்யத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

"ஏனுங்கக்கா, நெயில் பாலிஷ்ங்களா? வால்யூம் உள்ளாரயேவா?"

"கரித்தடம் முடியற எடத்துலீங்க. கடைசி வரைக்கும் திருப்பினா கனெக்ஷன் கட்டாகணும். பிளேடுல அறுத்திருந்தா இந்தப் பிரச்சினையே வந்திருக்காது. அறுக்க உடலீங்க."

அவர் மேடையிலிருந்த தங்கள் கிட்டாரைத் திரும்பிப் பார்த்தார். சிரிக்கவில்லை.

"எங்க கிட்டார்காரரோட லீவர் சுவிட்சு ரொம்ப முறுக்கா இருக்குதுங்கக்கா. பாட்டு நடுவுல மாத்தறதுக்குள்ள அடுத்த வரி வந்துருது. மாத்தினா 'டொப்பு'ன்னு ஒரு சத்தம் வேற. புதுசு போட்டும் அப்படியே இருக்குது. உங்களால பாக்க முடியுங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் எங்கிருந்தோ வந்து சேர்ந்துவிட்டார்.

"அதெல்லாம் நாங்க பாத்துத் தர்றமுங்க. கொண்டாந்து குடுங்க" என்றார்.

பழி வந்தபோது நான். வேலை வந்தபோது நாங்கள். காரில் போகும்போது சொல்வதற்காக வைத்திருந்தவற்றில் பாதியை மட்டும் சொன்னேன். மீதியை அவர் கேட்காமலே தூங்கிவிட்டார்.

ஆர்கெஸ்ட்ராக்காரரின் கிட்டார் எங்கள் சாப்பாட்டு மேஜைக்கு வந்தது. லீவர் சுவிட்சைத் தனியே எடுத்துப் பார்த்தேன். லீவர் ஒவ்வொரு நிலையிலும் நிற்பதற்காகத் தகட்டில் பள்ளங்கள் வெட்டியிருக்கும். ஒரு சின்ன இரும்புக் குண்டுமணி ஸ்பிரிங்கின் அழுத்தத்தால் அந்தப் பள்ளங்களில் மாறி மாறி விழும். இந்தச் சுவிட்சில் பள்ளங்களின் விளிம்பு கூராக இருந்தது. ஸ்பிரிங்கும் தேவைக்கு மேல் பலம். லாரிக்கு வைக்க வேண்டியதை யாரோ கிட்டாருக்கு வைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஸ்பிரிங்கைத் தொட்டேன். குண்டுமணி துள்ளி எங்கோ போய்விட்டது.

நானும் என் கணவரும் தரையில் தவழ்ந்து தேடினோம். மாமியார் கொஞ்ச நேரம் கட்டிலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். பிறகு துடைப்பத்தை எடுத்துவந்து, பிரிட்ஜுக்கு அடியில் ஒரே இழுப்பு இழுத்தார். தூசியோடும் பழைய எலுமிச்சம்பழம் ஒன்றோடும் குண்டுமணி வெளியே வந்தது.

"தாம்பாளத்துல வெச்சுப் பிரிக்க வேண்டியதுதான கண்ணு? முறுக்குச் சுடறப்ப மட்டும் தாம்பாளம் கேக்கற" என்றார்.

அன்றிலிருந்து எல்லாவற்றையும் தாம்பாளத்தில் வைத்துத்தான் பிரிக்கிறேன். மெல்லிய அரத்தால் பள்ளங்களின் விளிம்பை உருட்டிவிட்டேன். ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டினேன். உள்ளே தொடும் தகடுகளைச் சுத்தம் செய்து, லேசாக வளைத்து, ஒன்றை விடுவதற்கு முன் அடுத்ததைத் தொடும்படி வைத்தேன். 'டொப்பு' நின்றது. லீவர் ஒரு விரலால் தள்ளினால் போதும் என்றானது. கிட்டார்காரர் வந்து வாசித்துப் பார்த்தார். லீவரை முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டே இருந்தார். பிறகு இன்னொரு கிட்டாரையும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

இப்போது மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ வருகிறது. ஆத்தூரிலிருந்து ஒருமுறை, எடப்பாடியிலிருந்து ஒருமுறை வந்தார்கள். இதனால் நான் பெரிய ஆள் ஆகிவிடவில்லை. ஆனால் சமீபத்தில் பக்கத்து வீட்டில் வளைகாப்புக்கு முறுக்குச் சுற்ற ஆள் கேட்டு வந்தபோது, மாமியார் வாசலிலேயே நின்று, "அம்மிணி வேலையா இருக்குதுங்க, அப்பறம் வருமுங்க" என்று சொல்வது உள்ளே எனக்குக் கேட்டது. இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து நான் ஒருநாளும் சும்மா இருந்ததில்லை. ஆனால் வேலையாக இருக்கிறேன் என்று வேறொருவர் வாயால் கேட்டது அன்றைக்குத்தான். அயர்னைத் தாங்கியில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அந்த வருட மழை விட்டது. அவர் ரிக்கோடு கிளம்பினார், கிட்டாரும் கிளம்பியது. கிளம்புவதற்கு முன் குமிழைச் சுத்தம் செய்து புதிதாக ஒரு சொட்டு பூசிக்கொடுத்தேன். பிளேடு வேண்டாம் என்பதில் அவர் அப்போதும் உறுதியாகத்தான் இருந்தார்.

அடுத்து நடக்கப்போவது எனக்குத் தெரியும். எதிர்பார்த்தபடியே ஒரு மதியம் வீடியோ காலில் வந்தார். பின்னால் சிவப்பு மண்ணும் நிறுத்தி வைத்த லாரியும் தெரிந்தன. சமையல் செய்கிற பையனும் ரிக்கில் துளை போடுகிற டிரில்லரும் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அம்மிணி, மறுபடியும் பொரியுது."

"எத்தன பேருக்குத் திருப்பிக் காட்டினீங்க?"

அவர் பக்கத்திலிருந்த டிரில்லரைப் பார்த்தார். "இப்ப என்ன பண்றது? வெல்டிங் மிஷின் இருக்குது இங்க" என்றார்.

வெல்டிங் மிஷினைக் கிட்டார் இருக்கும் திசைக்கே கொண்டுபோகக் கூடாது என்று முதலில் சொன்னேன். பிறகு சின்ன ஸ்குரூடிரைவரும் புது ஷேவிங் பிளேடும் எடுத்துவரச் சொன்னேன். டிரில்லர் போனைப் பிடித்துக்கொண்டார். என் கணவர் தகட்டைத் தூக்கினார். குமிழின் காதுகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தினார். துகள்களைப் பஞ்சால் துடைத்தார். கருப்புத் தடம் திரையில் தெரிந்தது.

"இப்ப அந்தத் தடம் முடியற எடத்துல, ஓரத்துல இருந்து நெல்லு அளவு தள்ளி, குறுக்க அறுங்க. ரொம்ப அழுத்தாதீங்க. கரி மட்டும் போகணும்."

"அறுத்தே ஆகணுமா?"

"பொரியற மாதிரியே வாசிக்கறதுன்னா அறுக்க வேண்டாமுங்க."

பிளேடைக் கையில் எடுத்தார், கீழே வைத்தார், மறுபடியும் எடுத்தார். பாறையை உடைக்கும் லீவரை வருடம் முழுக்க இழுக்கிற கை அது. நாக்கை ஒரு பக்கம் கடித்துக்கொண்டு, மெல்ல, மெல்ல, ஒரு கோடு போட்டார். அந்தக் கோடு எவ்வளவு ஒழுங்காக இருந்தது என்று பார்த்து எனக்கே கொஞ்சம் பொறாமையாக இருந்தது. மூடியைப் போட்டார். ஸ்பீக்கர் பெட்டியை ஜெனரேட்டரில் மாட்டினார். லீவரைக் கடைசிக்குத் தள்ளிக் கம்பியைத் தட்டி, குமிழைத் திருப்பினார்.

பொரியவில்லை. போனில் அந்தச் சத்தத்தின் அழகெல்லாம் ஒன்றும் வரவில்லை. ஏதோ தகரடப்பா மாதிரிதான் கேட்டது. ஆனால் பொரியவில்லை. டிரில்லர் கை தட்டினதில் போன் ஆடியது. கொஞ்ச நேரம் வானம் மட்டும் தெரிந்தது.

திரும்ப முகம் வந்தபோது அவர் முகத்தில் ஒரு சந்தேகம்.

"இவ்வளவு சுளுவான வேலையா அம்மிணி இது? இத முன்னாலயே பண்ணியிருக்கலாமல்ல நீ?"

நான் கண்ணை மூடித் திறந்தேன்.

"பண்ணியிருக்கலாமுங்க" என்றேன்.

"செரி. பிளேடு கையிலயே இருக்குது. அந்த இன்னொரு டோன் குமிழையும் அறுத்துப் போடட்டுமா?"

"வேண்டாமுங்க. மொதல்ல பிளேடைக் கீழ வைங்க" என்றேன். வைத்தார். இரண்டு கார்டையும் ஒருமுறை எனக்கு வாசித்துக்காட்டினார். முதலாவதிலிருந்து இரண்டாவதற்குப் போகும் வழியில் நெட்வொர்க் போய்விட்டது.